சேமித்த தரவு எங்கே நின்றது? டெஸ்க்டொப் மென்பொருளுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையே பிழை தேடும் முழுமையான வழிகாட்டி

"தம்பி, நேற்றுப் போட்ட பில் இன்றைக்கு இல்லை." கொழும்பு, புறக்கோட்டையில் உள்ள ஒரு மொத்த வியாபாரக் கடையிலிருந்து காலை எட்டரைக்கு இப்படி அழைப்பு வந்தால், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் உடனே கோடிங்கைத் திறந்து 'சேமி' பட்டனுக்குப் பின்னால் இருப்பதை மாற்றத் தொடங்குவார்கள். பாதி நாள் அங்கேயே போய்விடும். பிழை பல நேரங்களில் அந்தப் பட்டனில் இருப்பதே இல்லை.

திரையில் தட்டிய பெறுமதி ஒரு கட்டளைக்குள் போக வேண்டும். அந்தக் கட்டளை இணைப்பு வழியாகச் சரியான தரவுத்தளத்தை அடைய வேண்டும். அங்கே அட்டவணையின் விதிகள் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும், கமிட் ஆக வேண்டும் (நிலையாகப் பதிய வேண்டும்), கடைசியில் மறுபடி திரைக்கு வர வேண்டும். எந்த இடத்தில் நின்றது என்று தெரியும் வரை ஒரு வரியையும் மாற்றாதீர்கள். கீழே உள்ள படிகளின் வரிசை அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதற்காகவே அமைந்தது. உதாரணங்கள் விபி டொட் நெட் அல்லது சி ஷார்ப்பில் எழுதி எஸ்கியூஎல் சர்வரில் சேமிக்கும் மென்பொருளை வைத்தே இருக்கும். மைக்ரோசொஃப்ட் எக்ஸஸ் தரவுத்தளத்தில் வேறுபடும் இடங்களைத் தனியாகச் சொல்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பேக்கப். கடையில் ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தைத் தொடுவதற்கு முன் முழு பேக்கப் ஒன்று எடுத்து, உங்கள் மடிக்கணினியில் வேறு பெயரில் மீட்டெடுத்துப் பாருங்கள். 'கொப்பி ஒன்லி' தெரிவுடன் எடுத்தால், கடையில் ஏற்கெனவே ஓடும் டிஃபரன்ஷியல் பேக்கப்பின் (மாறியதை மட்டும் எடுப்பது) தொடர் குழம்பாது. இனிச் செய்யும் சோதனைகளை முடிந்தவரை இந்தப் பிரதியிலேயே செய்யுங்கள்.

இரண்டாவது, மென்பொருள் எந்த லொகினில் தரவுத்தளத்துக்குள் நுழைகிறதோ அதே பெயரும் கடவுச்சொல்லும். நிர்வாகி லொகினில் சோதித்தால் எல்லாம் வேலை செய்யும், நீங்களும் ஏமாந்துபோவீர்கள்.

மூன்றாவது, கடைக்காரரிடம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள். எல்லாக் கணினியிலுமா, ஒன்றில் மட்டுமா? எல்லா பில்லுமா, சில பில் மட்டுமா? எப்போதிலிருந்து? அதற்கு முந்தைய நாள் என்ன மாறியது? விண்டோஸ் புதிதாகப் போட்டது, ரவுட்டர் மாற்றியது, புதுக் காசாளர் வந்தது என்று எதுவாகவும் இருக்கலாம். ஒரு கணினியில் மட்டும் என்றால் நேராக 9ஆம் படிக்குப் போங்கள். சில பில் மட்டும் என்றால் 6ஆம் படியில் விடை இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இந்தக் கேள்விகளைத் தொலைபேசியிலேயே கேட்டுவிட்டால் வெயிலில் புறக்கோட்டைக்குப் போகும் ஒரு பயணம்கூட மிச்சமாகலாம்.

2. பிழைச் செய்தியின் வாயைத் திறந்துவிடுங்கள்

நான் எடுத்துப் பார்த்த பழைய மென்பொருள்களில் திரும்பத் திரும்பக் கண்ட குறை வெற்று கேட்ச். டிரை, கேட்ச் (பிழை வந்தால் பிடிக்கும் பகுதி) எழுதி, கேட்சுக்குள் ஒன்றும் போடாமலோ 'ஏதோ பிழை' என்ற ஒரு வரி மட்டும் போட்டோ விட்டிருப்பார்கள். அதைவிட மோசமானது, டிரை முடிந்த பிறகு வெளியே 'வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது' என்ற மெசேஜ் பொக்ஸ். பிழை வந்தாலும் வராவிட்டாலும் அந்த வெற்றிச் செய்தி வரும். காசாளர் அதை நம்பி அடுத்த வாடிக்கையாளரைக் கூப்பிடுவார்.

கேட்சுக்குள் பிழையின் முழு விவரத்தையும் ஒரு லொக் கோப்பில் எழுதுங்கள்: நேரம், கணினியின் பெயர், பயனர், எஸ்கியூஎல் பிழை எண், செய்தி, எந்த வரியில் நடந்தது. பிழை எண் கட்டாயம் வேண்டும். செய்தியின் வாசகம் பதிப்புக்குப் பதிப்பு சற்று மாறலாம், எண் பெரும்பாலும் மாறாது. காசாளருக்கு எளிய தமிழில் 'பில் சேமிக்கப்படவில்லை' என்று காட்டினால் போதும். முழு விவரம் உங்களுக்கு.

லொக் கோப்பை 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறையில் வைக்காதீர்கள். சாதாரணப் பயனருக்கு அங்கே எழுத அனுமதி இல்லை. பிழையைப் பதிய எழுதிய கோடிங்கே பிழை கொடுத்து, உண்மையான பிழையை மறைத்துவிடும்.

3. எந்தத் தரவுத்தளத்தில் சேமிக்கிறது என்று உறுதி செய்யுங்கள்

பிழைச் செய்தி எதுவும் இல்லை, ஆனால் தரவும் இல்லை. அப்படியென்றால் முதல் சந்தேகம் இதுதான்: தரவு சேமிக்கப்பட்டிருக்கிறது, நீங்கள் வேறு இடத்தில் தேடுகிறீர்கள்.

விஷுவல் ஸ்டூடியோவில் பழகுபவர்கள் எல்லோருமே ஒருமுறை இதில் மாட்டுவார்கள். தரவுத்தளக் கோப்பைப் புரொஜெக்டுக்குள்ளேயே சேர்த்திருப்பார்கள். அதன் 'கொப்பி டு அவுட்புட் டிரெக்டரி' பண்பு 'கொப்பி ஆல்வேஸ்' என்று இருக்கும். ஒவ்வொரு முறை பில்ட் செய்யும்போதும் புரொஜெக்டில் உள்ள வெற்றுக் கோப்பு, 'பின்' கோப்புறைக்குள் இருக்கும் கோப்பின் மேல் எழுதப்படும். மென்பொருள் அந்த 'பின்' பிரதியில் சரியாகவே சேமிக்கிறது. ஆனால் நீங்கள் சர்வர் எக்ஸ்புளோரரில் திறந்து பார்ப்பது மூலக் கோப்பை. அடுத்த முறை ஓட்டும்போது 'பின்' பிரதியும் அழிந்திருக்கும். வெள்ளவத்தையில் நான் சொல்லிக்கொடுத்த ஒரு பிள்ளை, "அண்ணா, இரண்டு நாளாக இன்சர்ட் கட்டளையை எழுதி எழுதி அழிக்கிறேன்" என்று வந்து நின்றது இதனால்தான். அவர் எழுதிய கட்டளையில் ஒரு பிழையும் இருக்கவில்லை. அந்தப் பண்பை 'கொப்பி இஃப் நியூவர்' என்று மாற்றலாம். அதைவிட, தரவுத்தளத்தைப் புரொஜெக்டுக்கு வெளியே ஒரு நிலையான இடத்தில் வைப்பது நல்லது. அதைத்தான் நான் செய்யச் சொல்வேன்.

எக்ஸஸ் கோப்பை வைத்து ஓடும் பழைய விபி 6 மென்பொருள்களில் இதே பிரச்சினை வேறு உருவில் வரும். கோப்பு 'புரோகிராம் ஃபைல்ஸ்' உள்ளே இருந்தால், விண்டோஸ் சத்தமில்லாமல் அந்த எழுத்தைப் பயனரின் 'வர்ச்சுவல் ஸ்டோர்' கோப்புறைக்குத் திருப்பிவிடும். ஒரே கணினியில் காலையில் ஒரு பயனரும் மாலையில் இன்னொரு பயனரும் நுழைந்தால் ஆளுக்கு ஒரு தரவுத்தளம். ஒருவர் போட்ட பில் மற்றவருக்குத் தெரியாது. புதிய டொட் நெட் மென்பொருளில் இந்தத் திருப்பிவிடல் நடக்காது. அங்கே எழுதவே முடியாமல் பிழை வரும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றுதான்: கோப்பை எல்லாப் பயனரும் எழுதக்கூடிய இடத்துக்கு மாற்றுங்கள்.

கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கை (சர்வர், தரவுத்தளம், லொகின் ஆகியவற்றைச் சொல்லும் இணைப்பு வரி) கண்ணால் வாசித்து 'சரியாகத்தான் இருக்கிறது' என்று முடிவு செய்யாதீர்கள். மென்பொருளின் அதே இணைப்பு வழியாகவே சர்வரின் பெயரையும் தரவுத்தளத்தின் பெயரையும் கேட்கும் ஒரு செலக்ட் கட்டளையை அனுப்பி, வரும் விடையை லொக்கில் எழுதுங்கள். பயிற்சிக்கு வைத்த தரவுத்தளம் ஒன்றும் உண்மையான தரவுத்தளம் ஒன்றும் ஒரே சர்வரில் இருந்தால், இந்த ஒரு சோதனையில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

4. அதே கட்டளையைக் கையால் ஓட்டிப் பாருங்கள்

இது பாதையை நடுவில் வெட்டும் படி. மென்பொருள் அனுப்பும் கட்டளையை அப்படியே எடுத்து, மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் (எஸ்கியூஎல் சர்வரை நேரடியாகக் கையாளும் கருவி), மென்பொருளின் லொகினில் ஓட்டுங்கள். அங்கேயும் தோற்றால் பிழை தரவுத்தளப் பக்கம். அங்கே வெற்றி பெற்றால் மென்பொருள் பக்கம். ஒரே சோதனையில் தேட வேண்டிய இடம் பாதியாகிவிடும்.

கட்டளையை நினைவிலிருந்து எழுதாதீர்கள். உண்மையில் போகும் கட்டளையைப் புரொஃபைலர் அல்லது எக்ஸ்டெண்டட் ஈவன்ட்ஸ் (சர்வருக்கு வரும் கட்டளைகளைக் காட்டும் கருவிகள்) வழியாகப் பிடியுங்கள். நாம் அனுப்புவதாக நினைப்பதும் போவதும் வேறாக இருக்கலாம் என்பதற்காகத்தான் இந்தச் சோதனையே. அங்கே எந்தக் கட்டளையும் வந்து சேரவில்லை என்றால், பட்டனின் கிளிக் நிகழ்வு இணைக்கப்படவில்லை அல்லது முன்னால் உள்ள ஏதோ ஒரு 'இஃப்' வெளியேற்றிவிடுகிறது. ஃபோர்மில் பட்டனை வெட்டி வேறு பேனலில் ஒட்டும்போது விபி டொட் நெட்டில் ஹேன்டில்ஸ் பகுதி காணாமல் போவதுண்டு.

கையால் ஓட்டும்போது பிகின் டிரான்சாக்‌ஷன் போட்டு (ஒரு பரிவர்த்தனையைத் தொடங்கி), பார்த்து முடித்ததும் ரோல்பேக் செய்யுங்கள் (செய்ததைத் திருப்பிவிடுங்கள்). அந்த ரோல்பேக்கை மறந்து அந்த ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள். கடையின் உண்மையான தரவுத்தளத்தில் ஓட்டியிருந்தால், திறந்திருக்கும் அந்தப் பரிவர்த்தனை பிடித்துவைத்த பூட்டுகளால் கவுன்டர்கள் எல்லாம் நிற்கும். பிழை தேட வந்தவரே கடையை நிறுத்தியதாக ஆகிவிடும்.

5. எத்தனை நிரைகள் (ரோக்கள்) மாறின?

கட்டளையை ஓட்டும் எக்ஸிகியூட் நான் குவெரி ஓர் எண்ணைத் திருப்பித் தரும். அதை வாங்கிப் பார்க்காதவர்களே அதிகம். அப்டேட் கட்டளை ஒரு நிரையையும் கண்டுபிடிக்காவிட்டால் பிழை வராது. 0 என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகும். ஆகவே ஒரு நிரை மாற வேண்டிய இடத்தில் விடை 1 இல்லையென்றால் அதைப் பிழையாகவே கருதி நிறுத்துங்கள். தரவுத்தளத்துக்குள் சேமித்த கட்டளைத் தொகுதியான ஸ்டோர்ட் புரொசீஜரில் நோகவுன்ட் ஒன் போட்டிருந்தால் -1 வரும். அது தோல்வி அல்ல, எண்ண வேண்டாம் என்று நீங்களே சொன்னதற்கான விடை.

0 வருவதற்கு எக்ஸஸில் தனியாக ஒரு காரணம் உண்டு. எக்ஸஸோடு பேசும் ஓஎல்இடிபி வழியில் பராமீட்டரின் (கட்டளைக்குப் பெறுமதியைத் தனியாகக் கொண்டுபோகும் மாறியின்) பெயரை அது பார்ப்பதில்லை, வரிசையை மட்டுமே பார்க்கும். 'விலையை மாற்று, பொருள் இலக்கம் இதுவாக இருந்தால்' என்ற கட்டளைக்குப் பொருள் இலக்கத்தை முதலிலும் விலையை இரண்டாவதாகவும் சேர்த்தால், விலையை இலக்கமாக எடுத்துத் தேடும். அப்படி ஒரு பொருள் இருக்காது, ஒன்றும் மாறாது, பிழையும் வராது. பெயர் சரியாகத்தானே இருக்கிறது என்று மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தற்செயலாக அந்த எண்ணில் ஒரு பொருள் இருந்துவிட்டாலோ, தவறான பொருளின் விலை மாறிவிடும்.

டேட்டா அடாப்டரும் (அட்டவணையை நினைவகத்துக்கு எடுத்து மறுபடி எழுதும் கருவி) கிரிட்டும் (திரையில் கட்டங்களாகத் தெரியும் பட்டியல்) வைத்து எழுதியவர்களுக்கு வேறு இரண்டு தடங்கல்கள். அப்டேட்டுக்கு முன் அக்செப்ட் சேஞ்சஸை அழைத்தால், எல்லா நிரைகளும் 'மாறவில்லை' என்று குறிக்கப்படும். பிறகு அப்டேட்டுக்குச் சேமிக்க ஒன்றும் இருக்காது. பெயரைப் பார்த்து 'மாற்றங்களை ஏற்றுக்கொள்' என்றால் சேமிப்பது என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அது நினைவகத்தில் உள்ள குறிகளை மட்டுமே துடைக்கிறது. அடுத்தது, கிரிட்டில் கடைசியாகத் தட்டிய நிரை மட்டும் சேமிக்கப்படாமல் போவது. மேலே உள்ள டூல்ஸ்ட்ரிப்பில் 'சேமி' அழுத்தும்போது கர்சர் கிரிட்டின் கட்டத்தை விட்டு வெளியேறுவதில்லை, திருத்தமும் முடிவதில்லை. முதலில் வெலிடேட், பிறகு எண்ட் எடிட், அதன் பிறகு அப்டேட். இந்த வரிசை மாறக் கூடாது.

6. பெறுமதிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்

சில பில் சேமிக்கிறது, சில சேமிக்கவில்லை என்றால் பெரும்பாலும் இங்கேதான். நம் ஊர்த் தரவுக்கே உரிய சிக்கல்கள் சில உண்டு, அதனால் இந்தப் படியை நீட்டியே எழுதுகிறேன்.

பெயரில் மேற்கோள் குறி. கொழும்பில் டி'அல்விஸ், டி'சில்வா போன்ற பெயர்கள் சாதாரணம். கட்டளையைச் சொற்களை ஒட்டி ஒட்டி உருவாக்கியிருந்தால், பெயரில் உள்ள அந்த ஒற்றை மேற்கோள் கட்டளையை நடுவில் முறித்துவிடும். 'ரிப்ளேஸ்' போட்டு மேற்கோளை இரட்டிப்பாக்குவது தற்காலிக ஒட்டு. பராமீட்டருக்கு மாறுங்கள். வெளியாள் தன் கட்டளையை உள்ளே நுழைக்கும் வழியும் அதோடு அடைபடும்.

திகதி. நாம் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறோம். எஸ்கியூஎல் சர்வரின் இயல்பான அமெரிக்க ஆங்கில அமைப்போ மாதம், நாள், ஆண்டு என்று வாசிக்கும். 05/03/2024 என்று மார்ச் 5ஐச் சொல் வடிவில் அனுப்பினால் மே 3 ஆகச் சேமிக்கும், ஒரு பிழையும் காட்டாது. 13ஆம் திகதி வந்ததும் பதின்மூன்றாவது மாதம் இல்லாததால் 242 அல்லது 241 என்ற பிழை வரும். "மாதத்தின் முதல் பன்னிரண்டு நாள் நன்றாக ஓடுகிறது, பிறகு சேவ் ஆவதில்லை" என்று யாராவது சொன்னால் வேறெதையும் பார்க்க வேண்டாம். அந்தப் பன்னிரண்டு நாளும் நன்றாக ஓடவில்லை என்பதையும் அவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கும். திகதியைச் சொல்லாக அனுப்பாமல் டேட் டைம் வகைப் பராமீட்டராக அனுப்புங்கள். பயனர் தட்டுவதை வாசிக்கும் இடத்தில் வடிவத்தைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள், இல்லையென்றால் யாராவது விண்டோஸைப் புதிதாகப் போட்டு ரீஜனை அமெரிக்கா என்று விட்ட அன்றே தலைகீழாகும். திகதி நிரப்பப்படாத இடத்தில் டொட் நெட்டின் இயல்புப் பெறுமதி ஆண்டு 1. எஸ்கியூஎல் சர்வரின் டேட் டைம் வகை 1753க்கு முன் ஏற்காது. அதனால் வரும் ஓவர்ஃப்ளோ பிழை, திகதி காலியாக விடப்பட்டது என்பதன் அடையாளம்.

அடையாள அட்டை இலக்கம். இலங்கையின் பழைய இலக்கம் ஒன்பது எண்ணும் ஓர் ஆங்கில எழுத்தும், மொத்தம் பத்து இடம். 2016 முதல் வரும் புதிய இலக்கத்துக்குப் பன்னிரண்டு இடம் வேண்டும். பத்து இடத்துடன் அமைத்த பழைய அட்டவணைகளில் புதிய இலக்கம் உள்ள வாடிக்கையாளர்களை மட்டும் பதிய முடியாமல் போகும், 8152 என்ற பிழை வரும். எஸ்கியூஎல் சர்வர் 2019 முதல் அதே தவறுக்கு 2628 வந்து எந்த நிரல் (அட்டவணையின் கொலம்), எந்தப் பெறுமதி என்றும் சொல்லும். ஆனால் பழைய தரவுத்தளத்தைப் புதிய சர்வரில் ஏற்றி இணக்க நிலையை (கொம்பாட்டிபிலிட்டி லெவல்) உயர்த்தாமல் விட்டால் பழைய செய்தியே வரும். இதில் இன்னொரு பொறி உண்டு. பராமீட்டரின் அளவையோ ஸ்டோர்ட் புரொசீஜரின் மாறியையோ பத்து என்று வைத்திருந்தால் பிழையே வராது. கடைசி இரண்டு எண்களும் வெட்டப்பட்டு மீதி சேமிக்கப்படும். நிரலை மட்டும் பெரிதாக்கிவிட்டு வேலை முடிந்தது என்று போகாதீர்கள். திரையின் பெட்டி, சரிபார்க்கும் விதி, பராமீட்டர், புரொசீஜர், நிரல் என்று ஐந்து இடத்தையும் பாருங்கள்.

தொலைபேசி இலக்கம். எண் வகையில் சேமித்தால் முன்னால் உள்ள பூச்சியம் போய்விடும். இதையும் 'தப்பாகச் சேவ் ஆகிறது' என்றுதான் கடையில் சொல்வார்கள். அது கணக்குப் போடும் எண் அல்ல, எழுத்து வகையில் வையுங்கள்.

பணம். டெசிமல் 6, 2 என்று வைத்த நிரல் 9,999.99 ரூபாய்க்கு மேல் ஏற்காது. விலைகள் ஏறிய பிறகு முன்பு பல ஆண்டு பிரச்சினை இல்லாமல் ஓடிய மென்பொருள்கள் 8115 என்ற பிழையுடன் நின்றது இதனால்தான். மென்பொருளில் யாரும் ஒன்றும் மாற்றவில்லை என்பார்கள். அது உண்மை, மாறியது விலை.

தமிழும் சிங்களமும். பெயர் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்பட்டால், நிரல் வார்ச்சார் வகையில் இருக்கிறது அல்லது கையால் எழுதிய கட்டளையில் மேற்கோளுக்கு முன் ஆங்கில 'என்' (N) எழுத்து இல்லை. நிரலை என்வார்ச்சார் ஆக்குங்கள், பராமீட்டரையும் அதே வகையில் அனுப்புங்கள். விண்டோஸில் தமிழுக்கு யூனிகோட் அல்லாத கோட் பேஜ் கிடையாது. ஆகவே கன்ட்ரோல் பெனலில் மொழியை மாற்றிச் சரிசெய்யப் பார்ப்பது வீண். கேள்விக்குறியாகச் சேமித்தது திரும்பி வராது, மறுபடி தட்ட வேண்டும். நீளத்தையும் கவனியுங்கள். 'கொழும்பு' என்பது நமக்கு நான்கு எழுத்து, என்வார்ச்சாருக்கு எட்டு இடம். 'யாழ்ப்பாணம்' ஆறு எழுத்து, பதினோர் இடம். ஆங்கிலப் பெயரை மனதில் வைத்துப் போட்ட நீளத்தை இரட்டிப்பாக்குங்கள். பாமினி என்ற யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் தட்டிய பழைய பதிவுகள் ஆங்கில எழுத்துக் கலவையாகத் தெரிந்தால் அது சேமிப்புப் பிழை அல்ல. அவை தட்டிய காலத்திலேயே அப்படித்தான் சேமிக்கப்பட்டன, யூனிகோடுக்கு மாற்றினால் போதும்.

காலிப் பெறுமதி. டொட் நெட்டின் நத்திங் அல்லது நல்லை அப்படியே பராமீட்டரில் வைத்தால், அந்தப் பராமீட்டர் அனுப்பப்படவே இல்லை என்று 8178 வரும். தரவுத்தளத்தின் காலியைக் குறிக்கும் டிபிநல் பெறுமதியை வையுங்கள்.

7. அட்டவணையின் விதிகள்

இது சுருக்கமான படி, ஏனென்றால் இங்கே பிழை எண்ணே விடையைச் சொல்லிவிடும். 2627, 2601 என்றால் அதே இலக்கம் ஏற்கெனவே இருக்கிறது. 515 என்றால் காலியாக விடக்கூடாத நிரல் காலி. 547 என்றால் தொடர்புடைய அட்டவணையில் அந்தப் பெறுமதி இல்லை. பெரும்பாலும் பில்லின் தலைப்பைச் சேமிக்கும் முன்பே பொருள் வரிகளைச் சேமிக்கப் பார்த்திருப்பீர்கள். 229 என்றால் அந்த லொகினுக்கு அனுமதி இல்லை.

2627 வரும்போது ஒரு கெட்ட பழக்கத்தைத் தவிர்க்க வேண்டும். கடைசி பில் இலக்கத்தை எடுத்து ஒன்று கூட்டிப் புதிய இலக்கம் உண்டாக்கும் முறையில், இரண்டு கவுன்டர் ஒரே நொடியில் அழுத்தினால் இரண்டுக்கும் ஒரே இலக்கம்தான் கிடைக்கும். இலக்கம் இருமுறை வரக்கூடாது என்ற விதியையே நீக்கிப் 'பிழையைச் சரிசெய்தவர்களை' நான் பார்த்திருக்கிறேன். பிழை போய்விட்டது, ஆனால் ஒரே இலக்கத்தில் இரண்டு பில் வந்து சேர்ந்தது. விதியை அப்படியே விட்டு, சர்வரே தானாக இலக்கம் தரும் ஐடென்டிட்டி அல்லது சீக்குவன்ஸுக்கு மாறுங்கள். அவற்றில் இடையிடையே இலக்கம் விடுபடும். ரோல்பேக் ஆனால் ஒன்று போகும், சர்வர் திடீரென நின்று எழும்பினால் ஆயிரம்கூடத் தாண்டலாம். அது தரவு தொலைந்ததன் அடையாளம் அல்ல என்று முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

8. கமிட் ஆனதா?

ஒரு பில்லுக்குத் தலைப்பு, பொருள் வரிகள், ஸ்டொக் குறைப்பு, கடன் கணக்கு என்று நான்கு எழுத்து உண்டு. நான்கும் ஒரே பரிவர்த்தனைக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் மின்வெட்டு வந்த நேரத்தில் தலைப்பு மட்டும் இருக்கும், பொருள் இருக்காது. கமிட் ஆன பரிவர்த்தனையை எஸ்கியூஎல் சர்வர் தன் சொந்தப் பரிவர்த்தனைப் பதிவேட்டிலிருந்து மீட்கும், கமிட் ஆகாததைத் திருப்பிவிடும். ஆகவே கரண்ட் போனதால் பாதி பில் இருக்கிறது என்று சொன்னால், அந்த நான்கும் ஒன்றாகக் கட்டப்படவில்லை என்று பொருள்.

இதற்கு நேர்மாறானது, பரிவர்த்தனை தொடங்கி, எல்லாம் எழுதி, கமிட் செய்யாமல் விடுவது. யூசிங் தொகுதி (முடிவில் இணைப்பைத் தானாக மூடும் பகுதி) முடிந்ததும் எல்லாம் ரோல்பேக் ஆகும், சத்தமே இருக்காது. டிரான்சாக்‌ஷன் ஸ்கோப் பயன்படுத்தினால் கம்ப்ளீட் என்ற அழைப்பு இருக்கிறதா பாருங்கள். இடையில் ஒரு 'ரிடர்ன்' எழுதி அதைத் தாண்டிப் போவது அடிக்கடி நடப்பது.

பரிவர்த்தனை திறந்திருக்கும்போது மெசேஜ் பொக்ஸ் காட்டாதீர்கள். 'பில் அச்சிடவா?' என்ற கேள்வி கமிட்டுக்கு முன்னால் இருந்த ஒரு மென்பொருளை நான் திருத்தியிருக்கிறேன். காசாளர் பதில் சொல்லாமல் பிளேன்டீ குடிக்கப் போனால் மற்றக் கவுன்டர்கள் காத்திருக்கும். 30 நொடியில் ஒவ்வொன்றும் டைம் அவுட் ஆகும், லொக்கில் -2 என்று வரும். அந்த 30 நொடி கமாண்டின் இயல்பான காத்திருப்பு நேரம். அந்த நேரத்தைக் கூட்டுவது தீர்வு அல்ல. யார் யாரைத் தடுக்கிறார் என்பதை எஸ்பி ஹூ 2 என்ற கட்டளை காட்டும், அதில் தடுப்பவரைச் சொல்லும் 'BlkBy' நிரலைப் பாருங்கள். 1205 வந்தால் அது டெட்லொக், இரண்டு பரிவர்த்தனைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. எல்லா இடத்திலும் அட்டவணைகளை ஒரே வரிசையில் தொட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். மிஞ்சுவதற்கு, முழுப் பரிவர்த்தனையையும் மறுபடி ஒருமுறை முயலும்படி எழுதுங்கள்.

9. ஒரு கணினியில் மட்டும் என்றால்

18456 என்றால் லொகின் மறுக்கப்பட்டது. 26 அல்லது 40 என்றால் சர்வரையே அடையவில்லை. எக்ஸ்பிரஸ் பதிப்பில் டிசிபி ஐபி இயல்பாக நிறுத்தப்பட்டிருக்கும். கொன்ஃபிகரேஷன் மேனேஜரில் இயக்கிச் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். ஃபயர்வாலில் 1433ஐத் திறவுங்கள். பெயரிட்ட இன்ஸ்டன்ஸ் (தனிப் பெயருடன் ஓடும் எஸ்கியூஎல் சர்வர்) என்றால் பிரவுசர் சேவையும் யூடிபி 1434உம் வேண்டும், அந்த இன்ஸ்டன்ஸுக்கு நிலையான போர்ட் கொடுப்பது இன்னும் நல்லது.

ரவுட்டர் மாற்றிய மறுநாள் எல்லாம் நின்றால், கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில் ஐபி முகவரி எழுதியிருக்கிறதா பாருங்கள். சர்வர் கணினிக்கு நிலையான முகவரி ஒதுக்குங்கள். மென்பொருளை, எஸ்கியூஎல் சர்வரோடு பேசும் நூலகமான மைக்ரோசொஃப்ட் டேட்டா எஸ்கியூஎல் கிளையண்டின் 4.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புக்கு மாற்றிய பிறகு சான்றிதழ் நம்பகமில்லை என்று வந்தால், அந்தப் பதிப்பிலிருந்து குறியாக்கம் இயல்பாகவே இயங்குகிறது என்பதே காரணம். சர்வருக்கு முறையான சான்றிதழ் போடுங்கள்.

காலையில் நன்றாக ஓடி மத்தியானத்துக்குப் பின் சேமிக்க மறுத்து, மென்பொருளை மூடித் திறந்தால் சரியாகிவிட்டால், அது இணைப்புக் கசிவு. ஒரு மென்பொருளுக்கு இயல்பாக 100 இணைப்புகள். மூடாமல் விட்ட ஒவ்வொன்றும் அதிலிருந்து ஒன்றைத் தின்னும். ஒவ்வொரு இணைப்பையும் யூசிங் தொகுதிக்குள் வையுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் எழுத முடியவில்லை என்றால் வட்டில் இடம் இருக்கிறதா பாருங்கள். எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் 2022 வரை ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபி எல்லை, எக்ஸஸ் கோப்புக்கு 2 ஜிபி.

10. திருத்திய பிறகு

சேமித்து, மென்பொருளை முழுதாக மூடி, மறுபடி திறந்து, வேறு கணினியிலிருந்து அந்த பில்லைத் தேடுங்கள். மூடாமல் பார்த்தால் நினைவகத்தில் இருப்பதையே பார்க்கக்கூடும். பிறகு சோதனைப் பிரதியில் வேண்டுமென்றே கடினமான பதிவு ஒன்று போடுங்கள்: பெயரில் மேற்கோள், முகவரி தமிழில், பன்னிரண்டு இட அடையாள அட்டை, 13க்கு மேற்பட்ட திகதி, ஐந்து இலக்கத் தொகை, காலியாக விட்ட தொலைபேசி. ஒரே நேரத்தில் இரண்டு கவுன்டரில் 'சேமி' அழுத்துங்கள். பொருள் வரிகளைச் சேமிக்கும் நடுவில் வலையமைப்புக் கேபிளைக் கழற்றி, பாதி பில் மிஞ்சுகிறதா பாருங்கள்.

கடைசியாக, ஏற்கெனவே கெட்டுப்போன தரவு. கோடிங்கைச் சரிசெய்தால் பழைய நிரைகள் தாமாகத் திருந்தா. வெட்டுப்பட்ட அடையாள அட்டை இலக்கங்களை வாடிக்கையாளரிடம்தான் மறுபடி கேட்க வேண்டும். தலைகீழான திகதிகளை மீட்கலாம். மார்ச் மாதம் போட்ட பில்களில் தவறியவை எல்லாம் ஏதோ ஒரு மாதத்தின் 3ஆம் திகதியில் போய் விழுந்திருக்கும், ஏப்ரல் பில்கள் 4ஆம் திகதியில். பில் இலக்க வரிசையில் அடுக்கி, முன்னும் பின்னும் உள்ள திகதிகளோடு பொருந்தாமல் துள்ளி நிற்பவற்றை எடுத்து ஒரு தனி அட்டவணையில் வையுங்கள். கடையில் இருக்கும் அச்சிட்ட பில் பிரதிகளோடு அவற்றை ஒப்பிட்டு, முதலாளியோ கணக்குப் பார்ப்பவரோ பக்கத்தில் இருக்கும்போது, பரிவர்த்தனைக்குள் வைத்து மாற்றுங்கள். எத்தனை நிரை மாறியது என்ற எண்ணைப் பார்த்து, அந்தத் தனி அட்டவணையின் எண்ணிக்கையோடு பொருந்தினால் மட்டும் கமிட் செய்யுங்கள்.